தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் இரண்டு?

மார்ச் 4, இரவு

ஒரு வாசகரின் கேள்வி: "லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 5,550 கி.மீ. என்று போட்டிருக்கிறது. விமானம் மணிக்கு 900 கி.மீ. பறக்கும் என்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் 6 மணி 10 நிமிடம். ஆனால் டிக்கெட்டில் போக 8 மணி நேரம், வர 7 மணி நேரம் என்று இருக்கிறது. பூமி சுற்றுவதால்தான் இந்த வித்தியாசம் என்று நினைக்கிறேன். சரியா? மார்ச் 20 வாக்கில் லண்டனிலிருந்து கிளம்புகிறேன், ஏப்ரல் தொடக்கத்தில் திரும்புகிறேன்."

பூமி சுற்றுவது காரணமே இல்லை. அதுதான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக வந்திருக்க வேண்டும். பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுகிறது, நீங்கள் மேற்கே பறக்கிறீர்கள். நியூயார்க் உங்களை எதிர்கொண்டு வரும், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம். நடப்பது அதற்கு நேர்மாறு.

நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. காற்றும் கூடவே சுழல்வதால்தான் அங்கே மனிதர் நிற்க முடிகிறது. ஓடும் ரயிலில் எஞ்சின் பக்கம் நடந்தாலும் கடைசிப் பெட்டிப் பக்கம் நடந்தாலும் ஒரு பெட்டியைக் கடக்க ஒரே நேரம்தான் ஆகும். விமானமும் அப்படித்தான்.

வித்தியாசத்துக்குக் காரணம் மேலே அடிக்கும் காற்று. பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஓடுகிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. அவ்வளவுதான்.

மார்ச் 5, காலை

"அவ்வளவுதான்" என்று முடித்திருக்கக் கூடாது. படுத்த பிறகும் இதே நினைப்பு. உங்கள் கேள்வியில் 5,550, 900, 8 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. மூன்றும் மூன்று வேறு உலகத்தைச் சேர்ந்தவை. ஒன்று பூமியின் மேல் அளந்தது, ஒன்று காற்றுக்குள் அளந்தது, ஒன்று அட்டவணையில் எழுதிக் கொடுத்தது. ஒன்றை ஒன்றால் வகுத்தால் மூன்றாவது வராது.

முதலில் தூரம். வீட்டிலிருக்கும் பழைய உலக உருண்டையை எடுத்துவைத்து இப்போதுதான் செய்து பார்த்தேன். தையல் நூலின் ஒரு முனையை நியூயார்க்கில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை பீஜிங்கில் வைத்து இறுக்கினேன். இரண்டு ஊருமே ஏறத்தாழ 40 டிகிரி வடக்கில் இருப்பவை. தட்டையான வரைபடத்தில் ஒரே கோட்டில் தெரியும். ஆனால் நூல் அந்தக் கோட்டில் நிற்கவே இல்லை. விரலை இறுக்க இறுக்க வழுக்கி மேலே ஏறி, வட துருவத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் அசையாமல் நின்றது. 40 டிகிரிக் கோட்டோடு போனால் 14,000 கி.மீ.க்கு மேல். நூல் காட்டும் வழியில் சுமார் 11,000.

இந்த வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். இணையத்தில் "இரு நகரங்களுக்கு இடையே தூரம்" என்று வரும் எண் பெரும்பாலும் இதுதான். மாட்ரிட்டும் நியூயார்க்கும்கூட ஒரே அட்சரேகையில் இருப்பவைதான், ஆனால் அங்கே நேர்கோட்டுக்கும் பெருவட்டத்துக்கும் வித்தியாசம் 170 கி.மீ.தான் வரும். ஊர்கள் விலக விலகத்தான் வரைபடம் நம்மைக் கைவிடுகிறது. மெர்காட்டர் என்ற வரைபடக்காரர் 1569-இல் அந்தத் தட்டையான வரைபடத்தைப் போட்டது கப்பல்காரர்கள் ஒரே திசைகாட்டிக் கோணத்தைப் பிடித்துக்கொண்டு போவதற்காக. தூரம் அளப்பதற்கு அல்ல.

மார்ச் 5, மதியம்

சின்ன விஷயம், ஆனால் குழப்பும். சில தளங்கள் ஊரின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கின்றன, சில விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு. இன்னும் சில, கடல் மைலில் போட்டுவிட்டு வெறும் "மைல்" என்று எழுதுகின்றன. கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609. 3,000 மைல் தூரத்தில் இந்தத் தவறு 700 கி.மீ.க்கு மேல் போய்விடும். எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள்.

மார்ச் 6, இரவு

இரண்டாவது எண், 900. இது காற்றுக்குள் விமானம் போகும் வேகம். பெரிய விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்துக்குப் பக்கத்தில் போகும். அந்த உயரத்தின் குளிரில், அதாவது மைனஸ் 56 டிகிரி வாக்கில், ஒலியின் வேகமே மணிக்கு 1,060 கி.மீ.தான். அதில் 85 சதவீதம் 900. தரையைப் பொறுத்த வேகம் வேறு. காற்று பின்னால் தள்ளினால் 900-உடன் கூட்ட வேண்டும், எதிரே வந்தால் கழிக்க வேண்டும்.

"போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிடிக்க முடியாது. வசதிக்கு 5,400 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாத நாளில் போக 6, வர 6, மொத்தம் 12 மணி நேரம். இப்போது மணிக்கு 180 கி.மீ. காற்று அடிக்கிறது. எதிர்க்காற்றில் 720 கி.மீ. வேகம், ஏழரை மணி நேரம். பின்காற்றில் 1,080, ஐந்து மணி நேரம். கூட்டினால் பன்னிரண்டரை. அரை மணி நேரம் போனது போனதுதான். காற்றோடு போகும்போது அது நமக்கு உதவும் நேரமே குறைவு, எதிர்த்துப் போகும்போது அதன் பிடியில் அதிக நேரம் இருக்கிறோம். முதல் முறை இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மூன்று தடவை சரிபார்த்தேன்.

மார்ச் 7

பிப்ரவரி 2020-இல் கியாரா புயல் வீசிய சமயம் ஒரு ஜம்போ ஜெட் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. தரையைப் பொறுத்த வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. "அப்படியானால் ஒலியின் வேகத்தை மீறிவிட்டதே" என்று கேட்டிருக்கிறீர்கள். மீறவில்லை. காற்றுக்குள் அது எப்போதும் போகும் வேகத்தில்தான் போனது. அந்தக் காற்று முழுவதுமே நகர்ந்துகொண்டிருந்தது. நிஜமாகவே ஒலியை மீறியது கான்கார்ட். அதே பாதையை 1996 பிப்ரவரியில் 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் முடித்தது. 2003-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு பயணிகள் விமானம் எதுவும் அந்த வேகத்தில் இல்லை.

மார்ச் 8, காலை

மூன்றாவது எண்ணுக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் அக்கறை அதிகம், ஏனென்றால் இதில்தான் அடிபட்டேன்.

பல வருடம் முன்பு இரண்டு விமானம் மாறிப் போக வேண்டிய பயணம். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்தேன். நடுவில் எவ்வளவு நேரம் வேண்டும் என்பதற்கு நீங்கள் போட்ட கணக்கையே போட்டேன்: தூரத்தை வேகத்தால் வகுத்தேன், மேலே கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். எதிர்க்காற்று ஒரு மணி நேரத்தைத் தின்றது. இறங்க வேண்டிய இடத்தில் மூடுபனி, அரை மணி நேரம் வட்டமடித்தோம். நான் அடுத்த கேட்டுக்கு ஓடிப் போனபோது கதவை மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் பாலத்தை எடுத்துவிட்டார்கள். இரவு முழுவதும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று கூட இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பயணம். இருக்க முடியவில்லை.

அன்றிலிருந்து நோட்டில் நேரம் குறிக்கிறேன். ஒவ்வொரு பறத்தலுக்கும் நான்கு நேரம்: விமானம் கேட்டை விட்டு நகர்ந்தது, சக்கரம் தரையை விட்டது, சக்கரம் தரையைத் தொட்டது, கேட்டில் வந்து நின்றது. 42 வரிகள் சேர்ந்திருக்கின்றன.

அதில் ஒரு வரி. நியூயார்க்கிலிருந்து லண்டன், மாலை நேரம். நகர்ந்தது 18:41. பிறகு ஓடுபாதைக்குப் போகும் வரிசை. ஜன்னல் வழியே எண்ணினேன், முன்னால் பதினான்கு வால்கள், ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குலுக்கல், கொஞ்சம் நகர்வோம், மறுபடி நிற்போம். ஏறியது 19:19. இறங்கியது நியூயார்க் நேரப்படி 01:14. கேட்டில் நின்றது 01:29. காற்றில் இருந்தது 5 மணி 55 நிமிடம். கேட்டிலிருந்து கேட்டுக்கு 6 மணி 48 நிமிடம்.

திரும்பியபோது லண்டனில் நகர்ந்தது 11:22, ஏறியது 11:40, இறங்கியது லண்டன் நேரப்படி 18:58, நின்றது 19:10. காற்றில் 7 மணி 18 நிமிடம், கேட்டிலிருந்து கேட்டுக்கு 7 மணி 48.

டிக்கெட்டில் இருப்பது இந்தக் கேட்டு-கேட்டு நேரம். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பிளாக் டைம் என்பார்கள், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையிலிருந்து வந்த சொல். கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும்வரை. வரிசையில் நிற்பது, வட்டமடிப்பது, பருவத்துக்குப் பருவம் மாறும் காற்று எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே போட்ட எண் அது. லண்டன் ஹீத்ரோவுக்கு மட்டும் வட்டமடிக்க வைப்பதற்கென்று நான்கு இடங்கள் குறித்து வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 8, மாலை

இன்னொன்று விட்டுப்போனது. 900 என்பது நடுவழி வேகம். 10,000 அடிக்குக் கீழே பல நாடுகளில் 250 நாட் வேக வரம்பு (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), அதாவது மணிக்கு 463 கி.மீ. ஏறும்போதும் இறங்கும்போதும் இதற்குக் கட்டுப்பட வேண்டும். நீண்ட பயணத்தில் இது கரைந்துவிடும், ஒரு மணி நேரப் பயணத்தில் கரையாது. அதனால் நான் முதலில் சொன்ன "எல்லாம் காற்றுதான்" குட்டைத் தூரத்துக்குப் பொருந்தாது. அங்கே நேரத்தை முடிவு செய்வது தரையில் நிற்கும் நிமிடங்கள்.

குட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் விமானம் ஓடுகிறது. 2.7 கி.மீ. அட்டவணையில் இரண்டு நிமிடம். மிக வேகமாகப் போன ஒரு தடவை 53 விநாடி. என் நான்கு நேரங்களையும் குறிக்கப் பேனா மூடியைத் திறப்பதற்குள் இறங்கிவிடுவார்கள்!

மார்ச் 10

முக்கியமானதை மறந்துவிட்டேன், மன்னிக்கவும். நீங்கள் போவது மார்ச் 20 வாக்கில். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி நேர வித்தியாசம் என்று மனதில் வைத்திருப்பீர்கள். அந்த வாரத்தில் 4 மணிதான். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், பிரிட்டனில் கடைசி ஞாயிறுதான் தள்ளுகிறார்கள். நடுவில் இருக்கும் நாட்களில் எல்லோருடைய மனக்கணக்கும் தவறும். ஒரு தடவை போன பயணத்தின் கணக்கையே சொல்லி அக்காவை அழைத்துப்போக வரச் சொன்னேன். பாவம், ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றாள். உங்களைக் கூட்டிப்போக யாராவது வருகிறார்கள் என்றால் டிக்கெட்டில் போட்டிருக்கும் இறங்கும் நேரத்தை அப்படியே அனுப்பிவிடுங்கள். ஏப்ரலில் திரும்பும்போது மறுபடி 5.

மார்ச் 11, இரவு

"பூமி சுற்றுவது காரணமே இல்லை" என்று முதல் நாள் எழுதினேன். அதைத் திருத்த வேண்டும். பூமி நேரடியாக எதுவும் செய்வதில்லை என்பது சரி. ஆனால் அந்த ஜெட் காற்று ஏன் மேற்கிலிருந்து வருகிறது? வெப்பமான நடுப்பகுதியிலிருந்து குளிர்ந்த துருவத்தை நோக்கி மேலே நகரும் காற்றை, பூமியின் சுழற்சி கிழக்குப் பக்கமாக வளைத்துவிடுகிறது. சுழற்சி இல்லாவிட்டால் ஜெட் காற்றும் இல்லை. ஆக, கேட்டவர் பாதி சரி. பூமி விமானத்தைத் தொடவில்லை, காற்றைத் தொடுகிறது, காற்று விமானத்தைத் தொடுகிறது. குளிர்காலத்தில் வெப்பத்துக்கும் குளிருக்கும் இடைவெளி அதிகம், அதனால் காற்றும் வேகம். ஜனவரிக்கும் ஜூலைக்கும் அட்டவணை மாறுவது இதனால்தான்.

தெற்குக் கோளத்திலும் மேற்குக் காற்றுதான். பெர்த்திலிருந்து சிட்னிக்குக் கிழக்கே போக நாலு மணி நேரம் வாக்கில், திரும்ப ஐந்து.

இந்தக் காற்றை முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலையாளர் வாசபுரோ ஓஇஷி. 1920-களில் தாதேனோ என்ற இடத்திலிருந்து பலூன்களை மேலே விட்டு, அவை ஓடும் வேகத்தைக் கண்ணால் தொடர்ந்து கணக்கிட்டார். உலகமே படிக்கட்டும் என்று 1926-இல் அறிக்கையை எஸ்பெராண்டோவில், உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கிய மொழியில், வெளியிட்டார். உலகம் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு திகைத்தபோதுதான் அதன் பலம் எல்லோருக்கும் உறைத்தது. ஒரு மனிதர் இருபது வருடம் முன்னால் எழுதி வைத்திருந்ததைப் படிக்க ஆளில்லாமல் போனதை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மார்ச் 13

"மேலே எப்போதும் மேற்குக் காற்றா? நிலநடுக்கோட்டுப் பக்கமுமா?" என்று ஒருவர். நல்ல கேள்வி. எப்போதும் இல்லை. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கும் அரபிக் கடலுக்கும் மேலே, 14 கி.மீ.க்கு மேற்பட்ட உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று ஓடுகிறது. அதைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 1958-இல் எழுதியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம். விமானங்கள் பறப்பது அதற்குக் கொஞ்சம் கீழே என்றாலும் அதன் ஓரம் படும்.

நம் மொழியில் காற்றுக்குத் திசைப்படி பெயர் இருக்கிறது. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. அப்படிப் பார்த்தால் அட்லாண்டிக்குக்கு மேலே உங்களை எதிர்க்கப் போவது கோடை, பருவமழை மாதத்தில் தெற்கே ஓடுவது கொண்டல். "ஜெட் ஸ்ட்ரீம்" என்று சொல்லும்போது வராத நெருக்கம் இந்தப் பெயர்களில் வருகிறது.

மார்ச் 15, காலை

தூரம் அதிகமான வழியில் போய் நேரத்தை மிச்சம் பிடிக்க முடியுமா என்று கேட்டவருக்கு: முடியும், செய்திருக்கிறார்கள். ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் முன்பு அட்லாண்டிக் வழியாக மேற்கே போய்க்கொண்டிருந்தது, சுமார் 13,900 கி.மீ. அக்டோபர் 2016-இல் பசிபிக் வழியாகக் கிழக்கே விட்டார்கள், சுமார் 15,300 கி.மீ. 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் பின்காற்றைப் பிடித்து பதினான்கரை மணி நேரத்தில் போய்விட்டது, பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு.

நேர்மாறாகவும் நடக்கும். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கி.மீ. ரஷ்யாவுக்கு மேலே பறந்தபோது ஒன்பதரை மணி நேரம் வாக்கில் ஆனது. பிப்ரவரி 2022 கடைசியில் ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு அந்த வான்வெளி மூடப்பட்டது. வட துருவத்துப் பக்கமாகவோ தெற்கே வளைந்தோ போக வேண்டியதாகி, 13 மணி நேரம் ஆகிறது. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. இணையத்தில் தூரம் கேட்டால் இன்றும் அதே 7,800-தான் வரும். அந்த எண்ணை நம்பி யாரும் பயணத்தைத் திட்டமிட வேண்டாம் என்றுதான் இத்தனை நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 17

ஒரு சொல்லைப் பற்றி. "டைரக்ட்" என்று போட்டிருந்தால் நடுவில் இறங்காது என்று அர்த்தமில்லை. விமான எண் மாறாது என்றுதான் அர்த்தம், வழியில் ஓரிடத்தில் இறங்கி ஏறலாம். "நான்-ஸ்டாப்" என்று இருந்தால்தான் நேரே போகும்.

மார்ச் 18, இரவு

மேற்கே போகும்போது கிளம்பின நேரத்துக்கு முன்பே போய்ச் சேர முடியுமா என்று ஒரு குழந்தை கேட்டதாக எழுதியிருக்கிறார்கள். கான்கார்டில் முடிந்தது. மூன்றரை மணி நேரப் பயணம், ஐந்து மணி நேர வித்தியாசம், கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே நியூயார்க். இப்போதும் டோக்கியோவில் மாலை கிளம்பினால் லாஸ் ஏஞ்சலஸில் அதே தேதி காலையில் இறங்கலாம், தேதிக்கோட்டைத் தாண்டுவதால். உடம்பு இதை ஒப்புக்கொள்ள ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். கிழக்கே போனால் இன்னும் கஷ்டம், ஏனென்றால் தூக்கத்தை முன்னால் இழுக்க வேண்டும்.

நாளை மறுநாள் கிளம்புபவருக்கு: முடிந்தால் இருக்கைத் திரையில் தரைவேகம் வரும் பக்கத்தைத் திறந்து வையுங்கள். பக்கத்திலேயே எதிர்க்காற்று எவ்வளவு என்றும் சிலவற்றில் காட்டும். நான்கு நேரங்களையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

ஏப்ரல் 6

குறித்துக்கொண்டு வந்திருக்கிறார்! போகும்போது கேட்டிலிருந்து கேட்டுக்கு 7 மணி 52 நிமிடம், அதில் காற்றில் 7 மணி 21. நடுக்கடலில் தரைவேகம் 741 வரை இறங்கியதாம். வரும்போது 6 மணி 39, காற்றில் 6 மணி 4. அழைத்துப்போக வந்தவர் சரியான நேரத்துக்கு வந்தாராம். ஒரு தடவை மட்டும் விமானம் நகர்ந்த நிமிடத்தைக் கவனிக்கவில்லை, தோராயமாகப் போட்டேன் என்கிறார். பரவாயில்லை, அதன் பக்கத்தில் ஒரு சின்ன கேள்விக்குறி போட்டு, 43, 44 என்று இரண்டு வரியாக நோட்டில் ஏற்றிவிட்டேன்.